உலகம்மாள் மற்றும் குடும்பம்

பிப்ரவரி 3, திங்கள்

பை இன்றைக்குக் கனத்தது. மற்ற நாளில் நாலு கடுதாசி, ஒரு இன்சூரன்ஸ் கவர் வரும். இன்று எழுபத்து மூன்று ரிஜிஸ்தர் தபால். எல்லாம் ஒரே அளவு, ஒரே முத்திரை. நில எடுப்பு நோட்டீஸ். விமானம் இறங்குகிற பாதையை நீட்டுகிறார்கள். நீட்டின கோடு எங்கள் உப்போடைப்பட்டியின் தலைமேல் போகிறது.

இந்தக் கிளை அஞ்சலகத்துக்கு நான்தான் அதிகாரி, நான்தான் தபால்காரி, கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான். இருட்டுவதற்குள் சைக்கிளில் எழுபத்து இரண்டு வீடு. எல்லா வீட்டிலும் வசவு, நானே ஓடுபாதை போடப் போகிற மாதிரி. மேலத்தெரு சீனிச்சாமி அண்ணன், “நீ என்னைக்காவது நல்ல சேதி கொண்டாந்திருக்கியா?” என்றார். அவர் மகனுக்கு வேலை உத்தரவு கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். சொன்னேன். “அவன் அந்த வேலைய விட்டுட்டான்” என்றார்.

என் பெயருக்கு நோட்டீஸ் இல்லை. எங்கள் வீட்டுக் கதவு எண்ணுக்கு வந்தது ஒன்றே ஒன்று: “சங்கிலிப்பாண்டி (காலஞ்சென்றவர்), வாரிசு உலகம்மாள் மற்றும் குடும்பம்.”

உலகம்மாள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி, வீட்டுக்குப் பெரியவள். ‘மற்றும் குடும்பம்’ என்றால் நான்.

அந்த ஒன்றை மட்டும் நாளைக்கு என்று வைத்துவிட்டேன். கால்வலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

கால்வலி இல்லை, உண்மையைச் சொன்னால். பெரியவளும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. இருப்பது ஒரே வீடு. தெருவாசல் ஒன்று. இடப்பக்கம் தபாலாபீசும் என் அறையும், வலப்பக்கம் அவள் அறைகள். நடுவில் அண்ணன் தம்பி இருவரும் உயிரோடு இருக்கும்போது எழுப்பின சுவர். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சுவர் நிற்கிறது. பின்னால் அடுப்படி பொது. அடுப்பு ரெண்டு. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பெரியவள் சுவரிடம் சொல்லுவாள்.

காலையில் கவரை நீட்டினேன். அவள் சுவரைப் பார்த்து, “தபால்காரம்மா வந்தா வாங்குவேன். ஓரகத்தி நீட்டுனா நான் எதுக்கு வாங்கணும்?” என்றாள்.

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து வாசலில் நின்று மணி அடித்தேன். “ரிஜிஸ்தர் தபால்!” சேலையை உதறிக்கொண்டு வந்து, “வாங்க போஸ்ட்டம்மா, வெயில்ல வந்திருக்கீக” என்று சொல்லி ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குடிக்கத் தண்ணியும் தந்தாள். குடித்தேன். அது போஸ்ட்டம்மாவுக்குக் கொடுத்தது.

பிப்ரவரி 6, வியாழன்

சண்டை என்ன என்று எழுதி வைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் மகேசுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் தாம்பாளத்தில் பாக்கு வெற்றிலை வைத்து வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தாள். எனக்கு? தபாலில் அனுப்பினாள். ஸ்டாம்பு ஒட்டி. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு! டவுனில் போட்டு, அது சுற்றி வந்து, என் பையிலேயே வந்து, நானே முத்திரை குத்தி, எனக்கு நானே டெலிவரி செய்தேன். கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், கை நனைக்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

யாருக்கும் கோபம் வரும்.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஆறு கிலோமீட்டர் தள்ளி மேலக்காட்டில் மனை தருகிறார்கள். குடும்பத்துக்கு அஞ்சு சென்ட், வீடு கட்ட உதவி, போக்குவரத்துச் செலவு. பட்டியலை வாசித்தார்கள். எங்கள் வீட்டுக்கு: உறுப்பினர் இரண்டு, குடும்பம் ஒன்று, மனை ஒன்று. உலகம்மாள் பெயரில்.

நான் எழுந்து, “ஐயா, நாங்க தனித்தனி” என்றேன்.

அளக்க வந்திருந்த சர்வேயர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். “ஒரே கதவு, ஒரே மீட்டர், ஒரே ரேஷன் கார்டு. அப்ப ஒரே குடும்பம்தாம்மா.”

“நாங்க பேசிக்கிறதே இல்ல தம்பி.”

“எங்க வீட்லயும் அப்படித்தான்” என்றான். ஊரே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தபாலாபீசுக்கு இடம் நான்தான் கொடுக்க வேண்டும், அது விதி. மனை இல்லையென்றால் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் ஆபீஸ் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை போய் ஒட்டிக்கொள்ள.

பெரியவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கென்ன, மனை அவள் பெயரில்.

பிப்ரவரி 19, புதன்

பத்தரை மணிக்குப் பெரியவள் தெருப்பக்கமாகச் சுற்றி வந்து கவுண்டரில் நின்றாள். “போஸ்ட்டம்மா, ஒரு மனு எழுதணும்.” ஊரில் மனு எழுதுவது நான்தான். தொழில் வேறு, பகை வேறு. “சொல்லுங்க” என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: “என் கொழுந்தன் பெண்சாதி செண்பகவல்லி என்பவள் என்னோடு ஒரே குடும்பம் என்று எழுதியிருப்பது பொய். அவள் வாய்க்கொழுப்பு உடையவள். குழம்பில் உப்பு அளவு தெரியாதவள். அவளோடு ஒரு மனையில் என்னால் குப்பை கொட்ட முடியாது. ஆகவே அவளைத் தனிக் குடும்பமாக்கி அவளுக்குத் தனி மனை கொடுத்து என்னைக் காப்பாற்றும்படி...”

“உப்பு விஷயம் அரசாங்கத்துக்குத் தேவையில்ல” என்றேன்.

“எழுதுங்க. உண்மைதான?”

எழுதினேன். ‘வாய்க்கொழுப்பு’ என்பதை ‘பேச்சில் கண்டிப்பு’ என்று திருத்தினேன். வாசித்துக் காட்டும்போது அவள் கண்டுபிடித்துவிட்டாள். திரும்பப் போட வேண்டியதாயிற்று.

எதற்கு இப்படி மெனக்கெடுகிறாள் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் முழு மனையும் அவளுக்கு. புதிய இடத்திலாவது என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

காய்ச்சல்.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல் விடவில்லை. ஆபீஸ் மட்டும் திறந்தேன். எந்திரிக்க முடியாமல் படுத்துவிட்ட நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் சர்வேயர் பையன் ஸ்தல விசாரணைக்கு வந்துவிட்டான். கூடத் தலையாரி மாடக்கண்ணு. என் தலைமாட்டில் ஒரு சட்டி கஞ்சியும் சுட்ட வத்தலும் இருந்தன. என் அடுப்பு மூன்று நாளாகப் பற்றவைக்காதது. பையன் சட்டியைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான்.

“கஞ்சி யார் வச்சது?”

பெரியவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அது பூனைக்கு வச்சது!” என்றாள்.

“பூனை வத்தல் தின்னுமா?” என்று மாடக்கண்ணு கேட்டார். அவருக்கு வேறு வேலை கிடையாது.

“எங்க வீட்டுப் பூன தின்னும்.”

எங்கள் வீட்டில் பூனை இல்லை.

மார்ச் 24, திங்கள்

பதில் வந்தது. “ஸ்தல விசாரணையில் மேற்படி இருவரும் ஒரே சமையலில் அன்னியோன்னியமாக வாழ்வது கண்டறியப்பட்டதால் மனு தள்ளுபடி.” தெருமுனை வரை போய் மணி அடித்துவிட்டு வந்து கொடுத்தேன். வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். ‘அன்னியோன்னியம்’ என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். “நாசமாப் போக” என்றாள். அவள் குரல் சரியில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். காய்ச்சலின் மிச்சம்.

ஏப்ரல் 3, வியாழன்

போன வாரம் மேல்முறையீடு எழுதினோம். கவுண்டரில் வைத்து. இன்று பதில் வந்தது: பதினாறாம் தேதி தாலுகா ஆபீசில் விசாரணை, இருவரும் நேரில் வர வேண்டும்.

“இந்தத் தடவ பலமா சண்ட போடணும் போஸ்ட்டம்மா” என்றாள் பெரியவள். “‘இவ மொகத்துல முழிச்சா பாலு திரிஞ்சிரும்’னு நான் சொல்லுவேன். நீங்க கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகணும்.”

“எங்க போக?”

“வாசல் வரைக்கும் போய்ட்டு வாங்க.”

பென்ஷன் வாங்க வந்த ரெண்டு பேர் வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள். அதில் ஒருவர், பால் திரிகிறது பழசு, பச்சைமரம் பட்டுப்போகும் என்று சொன்னால் எடுப்பாக இருக்கும் என்றார். குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 16, புதன்

பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். கண்டக்டரிடம் ரூபாயை நீட்டினேன். “முன்னால அந்தம்மா எடுத்துட்டாங்க” என்றார். சில்லறை இருந்திருக்காது.

துணைத் தாசில்தார் ஹெப்சிபா மேடம், நாற்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடி, முன்னால் மலை மாதிரி ஃபைல். “ரெண்டு பேரும் எவ்வளவு நாளாப் பேசுறதில்ல?” என்று ஆரம்பித்தார்.

பெரியவள் சரியாகத்தான் தொடங்கினாள். “மேடம், இவ மொகத்துல முழிச்சா பச்சமரம்...” அதோடு மறந்துவிட்டது. பால் திரிவதா, மரம் படுவதா என்று குழம்பி, “பச்சமரம் திரிஞ்சிரும்” என்று முடித்தாள்.

நான் கோபித்துக்கொண்டு எழ வேண்டும். எழுந்தேன். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உக்காருங்கம்மா. உண்மையில என்னதான் சண்டை?” என்றார்.

அதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. “கல்யாணப் பத்திரிகைய ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல அனுப்புனாக மேடம். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு.”

பெரியவள் என்னைப் பார்க்கவில்லை. மேடத்திடமே சொன்னாள்: “அவகிட்டச் சொல்லுங்க மேடம். முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் தபால் குடுக்கா. அவ பேருக்கு ஒரு தபால் வந்து நான் பாத்தது கெடையாது. யாரு இருக்கா எழுத? அவ பேரு போட்டு ஒரு கவர், நல்ல சேதியா ஒண்ணு, அவ கைக்கு வரட்டும்னுதான் பஸ் ஏறிப் போய் டவுன்ல போட்டேன். மகேசு அழகா எழுதுனா, ‘திருமதி செண்பகவல்லி அவர்கள்’னு. வந்தவ ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டா. சபையில வச்சு. எனக்கு எப்படி இருக்கும்னு கேளுங்க.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நிறைய குண்டூசி இருந்தது.

மேடம் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். “அம்மா ரெண்டு பேரும் கேளுங்க. சட்டத்துல விதவைன்னா அவங்களே ஒரு தனிக் குடும்பம். புருஷன் விட்டுட்டுப் போனவங்களும் அப்படித்தான். ஒரே கதவா, ஒரே அடுப்பா, கஞ்சி குடுத்தாங்களா, ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல. நீங்க சண்டை போட்டாலும் ரெண்டு குடும்பம், கட்டிப் பிடிச்சுக்கிட்டாலும் ரெண்டு குடும்பம். எழுதுனவங்க தப்பா எழுதிட்டாங்க. திருத்திடறேன்.”

“அப்ப நாங்க படிச்சிட்டு வந்ததெல்லாம்?” என்றாள் பெரியவள்.

“வேஸ்ட்டுதாம்மா. ஆனா நல்லா இருந்துச்சு.”

திரும்பும்போது பஸ்ஸில் ரெண்டு பேர் சீட்டு ஒன்றுதான் காலி. உட்கார்ந்தோம். அவள் முழங்கால் வீங்கியிருக்கிறது, இடப்பக்கம்.

ஏப்ரல் 18, வெள்ளி

மேடம் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டியல் நகலை எடுத்து ஒவ்வொரு ‘மற்றும் குடும்பம்’ ஆகப் பார்த்தேன். பதினொரு பெண்கள் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள். எட்டுப் பேர் விதவை. மூன்று பேர் புருஷன் விட்டுப்போனவர்கள். கீழத்தெரு பாப்பாவின் புருஷன் பம்பாய்க்குப் போய்ப் பதினாறு வருஷம். அவள் அவளுடைய அண்ணன் பெயருக்குப் பின்னால் நிற்கிறாள். இவர்கள் எல்லோருக்கும் நானே கவர் கொடுத்திருக்கிறேன். இல்லை, அவர்கள் அண்ணன்மாருக்கும் கொழுந்தன்மாருக்கும் கொடுத்திருக்கிறேன்.

பதினொரு மனு. கை கடுக்கிறது. பெரியவள் பசை தடவி ஒட்டினாள். தடவுகிற பசையில் பாதி மேஜையில்.

மே 12, திங்கள்

பதினொன்றும் ஒப்புக்கொண்டார்கள். பதினொரு வீட்டு வாசலிலும் மணியை ரெண்டு தடவை அடித்தேன். பாப்பா கவரைப் பிரிக்காமல் அரை மணி நேரம் மடியில் வைத்திருந்தாள். சீனிச்சாமி அண்ணன் தெருவில் நிறுத்தி, “பொம்பளையாளுகளுக்கு மட்டும்தான் நல்ல சேதியா?” என்றார்.

மே 25, ஞாயிறு

மேலக்காட்டைக் காட்டக் கூட்டிப்போனார்கள். கல் நட்டு நம்பர் எழுதியிருக்கிறது. ரோடு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழும்புகிறது. தண்ணீர் என்று ஒரு அடிபம்பைக் காட்டினார்கள். பெரியவள் ஒரு கை வாங்கி வாயில் ஊற்றி, அங்கேயே துப்பி, “மேடம், நீங்க ஒரு வாய் குடிங்க” என்றாள். மேடம் குடித்தார். முகம் போன போக்கை எழுத முடியாது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார், பாவம். குழாயில் நல்ல தண்ணீர் வந்த பிறகுதான் ஊரைக் காலி செய்வோம் என்று அங்கேயே நின்று எல்லோரும் சொன்னோம். மேடம் வாயைத் துடைத்துக்கொண்டு, “எழுதிக் குடுங்க, நானும் எழுதுறேன்” என்றார்.

ஜூன் 13, வெள்ளி

குலுக்கல். எண்பத்தைந்து மனை. பெரியவளுக்கு ஒன்பது. எனக்கு அறுபத்தாறு. ஒன்பது கிழக்கு ஓரம், அறுபத்தாறு மேற்கு ஓரம். நடுவில் முக்கால் கிலோமீட்டர். நல்லதாகப் போயிற்று, சுவருக்குச் செலவில்லை.

மாற்றிக்கொள்ள நினைக்கிறவர்கள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பத்து நாளைக்குள் மனு அனுப்பலாமாம்.

ஜூன் 16, திங்கள்

பத்தாம் நம்பர் சீனிச்சாமி அண்ணனுக்கு விழுந்திருக்கிறது. அவருக்குப் பத்து ராசியில்லை என்று யாரோ சொன்னார்கள். பாவமாக இருந்தது. என்னுடைய அறுபத்தாறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். “பத்து எனக்கு ராசியில்லன்னு யாரு சொன்னா?” என்றார். யார் சொன்னது என்று எனக்கு ஞாபகமில்லை. பேசிப் பேசி, கடைசியில் சம்மதித்தார். மனு அனுப்பிவிட்டேன். ஒருவருக்கு உதவி செய்தால் மனசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

பெரியவள் கவுண்டருக்கு வந்து ஒட்டின கவரை நீட்டினாள். முகவரி தாலுகா ஆபீஸ். கையெழுத்து மாடக்கண்ணுவுடையது. மனு என்றால் என்னிடம்தானே எழுதுவாள்? கேட்கிற அதிகாரம் எனக்கு இல்லை. எடை போட்டேன், ரசீது கொடுத்தேன். அவள் போனதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கவர் தடிமன்.

ஜூலை 7, திங்கள்

உத்தரவுகள் வந்தன. எனக்குப் பத்து, சரி. பெரியவளுக்கு வந்ததை மணி அடித்துக் கொடுத்தேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்: “...ஒன்பதாம் எண் மனைக்குப் பதிலாக அறுபத்தேழாம் எண் மனை...”

மறுபடியும் வாசித்தேன். அறுபத்தேழுதான். அறுபத்தாறுக்குப் பக்கத்து மனை.

“யக்கா, ஒங்கள யாரு மாத்தச் சொன்னா?” என்று கேட்டுவிட்டேன். கழுத்தில் அட்டை தொங்குகிறது, நான் அக்கா என்கிறேன்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. தெருவில் ஏது சுவர்? “ஏட்டி செம்பகம், நீ ஏன் முழிக்க?”

“நான் பத்துக்கு மாத்திட்டேன்! ஒம்பதுக்குப் பக்கத்துல!”

“ஒன்ன எவடி மாத்தச் சொன்னா? கூறுகெட்டவளே!”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருக்கலாம்ல!”

“நீ சொன்னியாடி?”

நடுத்தெருவில், முகத்துக்கு முகம், ஆறு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினோம். கல்யாணத்தில் சாப்பிடாதது, குழம்பில் உப்பு, பூனை, எல்லாம். ஊர் கூடிவிட்டது. மாடக்கண்ணு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். விலக்கிவிட யாரும் வரவில்லை. சீனிச்சாமி அண்ணன் மட்டும் இடையில் புகுந்து, “அறுபத்தாறுல கடப்பாரை போட்டேன், முழுக்கப் பாறை. ஒன் மனைய நீயே வச்சுக்கோ தாயி, எனக்குப் பத்தே போதும்” என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினோம்.

ஜூலை 10, வியாழன்

கெடு முடிந்துவிட்டது என்றாலும் மேடம் கையெழுத்துப் போட்டார். எனக்கு மறுபடி அறுபத்தாறு. “உங்க ரெண்டு பேர் பேரும் சேர்ந்த மனு இனிமே என் மேஜைக்கு வரக்கூடாது” என்றார். பெரியவள், “தண்ணி மனு ஒண்ணு பாக்கி இருக்கே மேடம்” என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

மேலக்காட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. மேடமே முதலில் குடித்துக் காட்டினார். நாங்கள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அறுபத்தாறில் அஸ்திவாரம் முடிந்தது. பாறை மேல் அல்லவா, தோண்டுகிற வேலை மிச்சம். முன்னறை தபாலாபீசுக்கு. பதவி அப்படியே, ஊர்ப் பெயர் பலகை மட்டும் மாற வேண்டும்.

பெரியவள் இன்னும் வாசல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யவில்லை. கொத்தனார் ரெண்டு நாளாகக் காத்திருக்கிறார். தெருவைப் பார்த்து வை என்று சொல்லத்தான் காலையில் போனேன். என் வீட்டைப் பார்த்து வைப்பாளாம். என் பக்கம் வெயில் வாங்கும் என்றேன். வாங்கினால் வாங்கட்டும் என்றாள். எனக்குப் பிடிக்காது என்றேன். உன்னை யார் கேட்டது என்றாள். கொத்தனார் வெற்றிலை போட்டு, துப்பி, இன்னொரு தடவை போட்டு, பிறகு சாப்பாட்டுக்கே போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் மணி ரெண்டு. எனக்குக் குரல் கம்மிவிட்டது, அவளுக்குச் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை.

நாளைக்கும் போகணும்.